பதினோரு நாள் வெயில்

பட்டர்வொர்த் துறைமுகத்தில்
பதினோரு நாள் வெயிலில் நின்ற கொள்கலன்.
தாளில் ஒரு முத்திரை குறைந்ததாம்.
உள்ளே அறுநூறு பெட்டி மெர்லோ,
இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டின் அறுவடை.
குளிரூட்டி மூன்றாம் நாளே நின்றுபோனது.

கெட்டதா, தேறுமா என்று சொல்ல
என் நாக்கை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள்.

பீச் ஸ்திரீட் கிடங்கின் மாடி.
வெள்ளைத் துணி விரித்த மேசை,
துப்புவதற்கு ஒரு தகரவாளி.
எதிரே இறக்குமதியாளர் கூ பெங் சியாங்.
பக்கத்தில் காப்பீட்டு நிறுவனத்தின் ருஹைசா;
அவர் குடிப்பதில்லை, முகர்வதுமில்லை,
என் முகத்தை மட்டும் குறிப்பெடுக்கிறார்.

மேலடுக்கிலிருந்து முதல் போத்தல்.
உலை கொதித்துத் தூக்கிய மூடி மாதிரி
தக்கை அரை விரற்கடை எழும்பி நிற்கிறது.
கிண்ணத்தைச் சாய்த்தேன்: விளிம்பில் செங்கல் நிறம்.
மூக்கை நுழைத்தால்
வெந்த பேரீச்சை, ஜாம் போத்தலின் அடி.
நாக்கில் இனிப்பாக ஆரம்பித்து
பாதி வாக்கியத்தில் எழுந்து போய்விடுகிறது.
துப்பினேன்.
"வெயில் குடித்த மது. எழுதிக்கொள்ளுங்கள்."
கூ தலையசைத்த வேகத்தில்
ஒரு சந்தோஷம் இருந்தது.

இரண்டாவதும் அதே.
மூன்றாவது நடு அடுக்கு, கொஞ்சம் குறைவாக அதே.

நான்காவது அடித்தட்டு.
தக்கை அசையவே இல்லை.
மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன்,
எதிர்க் கோயில் ஊதுபத்திப் புகை வராமல்
சன்னலையும்.

முதலில் நாவற்பழம்.
பிறகு ஜாதிக்காய், காய்ந்ததல்ல,
பாலிக் புலாவ் மரத்தடியில் பிளந்து கிடக்குமே
அந்தப் பச்சைத் தோல் வாசம்.
பென்சில் சீவிய தூள்.
மழையில் நனைந்த செருப்பு.
எல்லாவற்றுக்கும் பின்னால், குளிர்ந்து,
ஐஸ் வண்டியின் தகரம்.

அப்புறம் அது வந்தது, துவர்ப்பு.
அறிக்கையில் டானின் என்றுதான் எழுதுவேன்.
ஆனால் ஆறு சுவையில் ஒன்றாக
அதற்கு நாற்காலி போட்டுக்கொடுத்த மொழி என்னுடையது.
கடைவாய்க்கும் கன்னத்துக்கும் நடுவே
யாரோ ஒரு பட்டுத்துணியை
மெல்ல இழுத்துக் கட்டுவதை
அந்தச் சொல்லால்தான் உணர்கிறேன்.
பத்து எண்ணினேன். பதினைந்து.
இருபதிலும் இருந்தது.

துப்ப வேண்டும். வாளி காத்திருந்தது.
பத்தொன்பது வருடமாய்த்
துப்பியே வீடு வாங்கியவள் நான்.
இதை விழுங்கினேன்.
ருஹைசாவின் பேனா அந்த இடத்தில் நின்றது.

"மிஸ் திலோத்தமை?" என்றார் கூ.

தேறல் என்று ஒரு பழைய சொல் உண்டு, தெளிந்த கள்ளுக்கு.
கலக்கம் அடங்குவது, காய்ச்சலிலிருந்து எழுவது,
பரீட்சையில் பிழைத்துக்கொள்வது
எல்லாமே எங்களுக்குத் தேறுவதுதான்.
இதை எந்த மலாயில் சொல்ல?
"அடித்தட்டு இருநூறு பெட்டி பாஸ்" என்றேன்.

ஒரு மது நன்றாக இருப்பதற்காக
முகம் வாடிய மனிதரை அன்றுதான் பார்த்தேன்.
முழுவதும் கெட்டிருந்தால் முழுப்பணம்.
"நிச்சயமா? இன்னொரு போத்தல்?"
திறந்தோம். அதுவும் தேறியது, பிடிவாதமாக.
"மேலே இருந்தவை
கீழே இருந்தவைக்குக் கூரையாகிவிட்டன, மிஸ்டர் கூ."

அவர் பதில் சொல்லவில்லை.
தன் கிண்ணத்தில் நாலு விரல் ஊற்றிக்கொண்டார்.
முதல் மடக்கு கோபத்தில் போனது.
இரண்டாவதில் புருவம் இறங்கியது.
மூன்றாவதில் ஹொக்கியனில் ஏதோ முனகினார்.
எனக்கு அந்த மொழி தெரியாது,
அந்த முனகல் தெரியும்.

மாலை, சூலியா ஸ்திரீட் முனையில்
தே தாரிக் ஆற்றிக்கொண்டே
மஸ்தான் என் பல்லைப் பார்த்தார்.
"என்னக்கா, வெத்தல போட்டீங்களா?"
நாக்கை நீட்டிக் காட்டினேன்.
சிரித்தார். கிளாஸை வைத்தார்.

பால், சர்க்கரை, நுரை, சூடு.
ஒன்றும் தெரியவில்லை.
துவர்ப்பு இன்னும்
எழுந்து போகவில்லை.